வரம்பு பார்க்காத வரி

ஜெரால்டினைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். புதிதாக ஒரு கம்பைலர் வந்தால் நாலு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை. வந்த அன்றே இறக்கிப் போட்டுவிட்டு அதன் தொல்லையை அடுத்தவர் தலையில் கட்டுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

வீடு போபோடியில். வேலைக்குக் கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவில் இறங்குவாள். அப்பா பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்தவர். குறை கண்டுபிடிப்பது குடும்பத் தொழில். எட்டு வருஷம் கண்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் இந்த மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தாள். டீச்சர் வேலையை விட்டாளே தவிர, திருத்துகிற புத்தியை விடவில்லை.

பக்கத்துத் தொழிற்சாலையில் வாகன பிரேக்குகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதற்கான மென்பொருளை எழுதுவது இவர்கள் அலுவலகம். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். ஊர் உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்த துண்டுகளை, அதாவது பேக்கேஜ்களை, எடுத்துக் கோர்ப்பது பேக்கேஜ் மேனேஜர். ஒவ்வொரு பேக்கேஜும் ‘இந்தக் கம்பைலர் வரைதான் எனக்குப் பொறுப்பு’ என்று ஒரு வரம்பு சொல்லியிருக்கும். வரம்பு மீறினால் பேக்கேஜ் மேனேஜர் மறித்துவிடும். அந்த அலுவலகத்தில் பொறுப்பாக நடந்துகொள்வது அது ஒன்றுதான் என்று ஜெரால்டின் சொல்வாள்.

அவள் கொண்டுவந்த விதி ஒன்று இருந்தது. எந்த வரியைத் தொட்டாலும் பெயர், தேதி, காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் யாராவது ‘அவசரம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவாள். “அவசரம்னு எழுதாதீங்க. சோம்பல்னு எழுதுங்க. அதுதானே உண்மை?” என்பாள்.

செவ்வாய்க்கிழமை புதிய கம்பைலர் வந்தது. புதன்கிழமையே சந்துரு அதைப் போட்டுவிட்டான். நிக்டியில் பிறந்து வளர்ந்த பையன், இருபத்தாறு வயது, புதிது என்றால் பசி தூக்கம் மறப்பவன். பாதி பேக்கேஜ்கள் அந்தக் கம்பைலருக்கு இன்னும் சம்மதமே சொல்லவில்லை. ஆனாலும் எல்லாம் சத்தமில்லாமல் கோர்த்துக்கொண்டு வந்தது. அவன் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தான். வியாழக்கிழமை அந்த இயந்திரம் அழுத்தத்தைத் தப்பாகப் படித்து, நல்ல பிரேக்குகளை எல்லாம் கழித்துத் தள்ளியது. மதியத்துக்குள் தொழிற்சாலை வேலையை நிறுத்திவிட்டது.

ஜெரால்டினுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதி மேனேஜர் ராகவேந்திராவுக்கு அனுப்பினாள். ‘பேக்கேஜ் மேனேஜர் வரம்பைப் பார்க்காதபடி யாரோ ஒருவர் அதன் கண்ணைக் கட்டியிருக்கிறார்.’ அந்த யாரோ யார் என்று அலுவலகத்துக்கே தெரியும். சந்துருவைக் குழுவிலிருந்து தூக்குவதென்று முடிவாயிற்று. அதைச் சொல்ல, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம்.

“நான் கம்பைலரை மட்டுந்தான் மாத்தினேன் அக்கா,” என்றான் சந்துரு, டீ வாங்கும் இடத்தில். “ஒத்து வரலைன்னா அது தடுக்கும்னு நெனச்சேன். தடுக்கவே இல்ல.”

“ஆமாமா. அதுவே கண்ணை மூடிக்கிச்சு. பாவம், தூக்கம் வந்திருக்கும்.”



கூட்டத்தில் காட்ட ஆதாரம் வேண்டும் என்று, பேக்கேஜ் மேனேஜருக்கான கட்டளைகள் இருக்கும், எல்லோருக்கும் பொதுவான அமைப்புக் கோப்பைத் திறந்தாள். நாற்பதாவது வரியில் இருந்தது, வரம்பைப் பார்க்காதே என்ற கட்டளை. அதற்கு மேலே, விதிப்படி, பெயரும் தேதியும் காரணமும் இருந்தன. ‘அவசரம். திங்கட்கிழமை எடுத்துவிடுகிறேன். ஜெரால்டின்.’

தேதி மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. மகள் அலினாவின் முதல் நற்கருணைக்கு மாதா கோயிலில் ஒத்திகை. நாலு மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு பேக்கேஜுக்காகப் பேக்கேஜ் மேனேஜர் மறித்துக்கொண்டு நின்றது. பழைய கம்பைலரோடு அந்த வரி யாருக்கும் கெடுதல் செய்யாமல் மூன்று வருஷம் கிடந்திருக்கிறது.

அந்தக் கோப்பை அவளைத் தவிர யாரும் திறப்பதில்லை. ராகவேந்திராவுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பேசாமல் மூடிவைத்தால் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். மூடவும் செய்தாள். மணி மூன்றானதும், கூட்ட அறையின் பெரிய திரையில் அவளே அதைத் திறந்து, நாற்பதாவது வரியை உரக்கப் படித்தாள், தன் பெயர் உட்பட.

ராகவேந்திரா கைபேசியைப் பார்த்துக்கொண்டார்.

“எந்தத் திங்கக்கிழமை அக்கா?” என்றான் சந்துரு. குரலில் கோபம் இல்லை. அவள் மற்றவர்களைத் திருத்தும்போது காட்டுகிற அதே பணிவு.

எல்லோரும் பார்த்திருக்க ஜெரால்டின் அந்த வரியை அழித்தாள். பெயர் போட்டாள், தேதி போட்டாள். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு ‘சோம்பல்’ என்று எழுதினாள்.