விளக்கைக் கும்பிடும் பட்டணம்

மலாயாவில் கிள்ளானுக்குப் போகும் சாயங்கால ரயிலில் எனக்கு எதிரே உட்காருவார், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி. ஒட்டிய கன்னம், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் எப்போதும் அட்டை கிழிந்த ஒரே ஆங்கில நாவல். பெட்டியில் மின்விளக்கு எரிந்ததும், வீட்டில் விளக்கேற்றினால் கும்பிடுவதுபோல அந்தப் பல்பைக் கும்பிடுவார். பிறகுதான் புத்தகத்தைத் திறப்பார்.

ஒருநாள், விளக்கு எரியும் முன்னே, அது என்ன கதை என்று கேட்டேன்.

"வரப்போற காலத்துக் கதை, தம்பி. புகை மூடி சூரியனே தெரியாத ஒரு பட்டணம். அங்க ஒரு பெரிய மின்விளக்குதான் சாமி. மணி அடிச்சா ஊரே கூடி நின்னு கும்பிடணும். மாட்டேன்னா ஜெயில்தான். ஒருத்தன் மட்டும் சூரியனைத் தேடித் தப்பிச்சு ஓடுறான்."

"சூரியனைப் பார்த்தானா?"

"தெரியாது. அவன் மதில் தாண்டுற இடத்தில நிறுத்திடுவேன். திரும்ப முதல்லேருந்து படிப்பேன்."

"ஏண்ணே, அதுக்குப் பிறகுதானே அவனுக்கு விடுதலை?"

வெளியே ரப்பர் மரங்கள் இருட்டிக்கொண்டு வந்தன.

"அதுக்குப் பிறகு அவன் தனி ஆளு," என்றார். "பட்டணத்தில பக்கத்தில நின்னு கும்பிட ஊரே இருந்துச்சு. என் ரூம்ல விளக்கேத்தினா நிக்க ஒரு ஆளில்ல."

பெட்டியில் விளக்கு எரிந்தது. அவர் கைகூப்பினார். நான் ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவன். விளக்கைக் கும்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

அன்று எதைக் கும்பிட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.