ஷார்ஜாவில் ஒரு மடைக்காவல்

பிராட்பேண்ட் வந்த புதிது. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். லினக்ஸ், எஸ்.எஸ்.ஹெச். எதையும் யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாதிக் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஷார்ஜாவில் ஒரு குடோனின் கம்ப்யூட்டர் பொறுப்பு அவருக்கு. தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தார்.

"அண்ணே, அங்க ஸ்டாக் புரோகிராம் படுத்துருச்சு. ராத்திரி ஃப்ளைட்டப் புடிச்சு வரச் சொல்றான் மேனேஜர். நாளைக்கு நிக்காஹ். வாப்பா முன்னமே மவுத்தாயிட்டாங்க, அவங்க எடத்துல நான்தான நிக்கணும்!"

இங்கிருந்தே சரிசெய்யலாம். ஆனால் அந்த ஆபீஸ் ரவுட்டர் வெளியாளை உள்ளே விடாது. உள்ளேயிருந்து ஒருவர் நம் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.ஹெச். என்ற இணைப்பைப் போட்டுக்கொடுத்தால், அதே வழியாக நாம் திரும்ப உள்ளே நுழையலாம். ரிவர்ஸ் டனல் என்பது அதுதான்.

ஆபீஸில் இருந்தவர் உதவியாளர் ராஜேந்திரன் மட்டும். குடவாசல்காரர். டனலுக்காக அடிக்க வேண்டிய கட்டளையைப் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"சார், ஒண்ணுமே வரல. சும்மா நிக்குது."

"அப்படித்தாங்க நிக்கும்" என்று போனை வைத்துவிட்டேன்.

ஸ்டாக் ஃபைலைப் பழுதுபார்க்கும் வேலை பாதி ஓடும்போது டனல் அறுந்தது. மறுபடி போன் போட்டேன்.

"வேல முடிஞ்சுருச்சுன்னு விண்டோவ மூடிட்டு டீ போட வந்தேன் சார்."

சாதிக் பாய் போனைப் பிடுங்கினார். "யோவ், ஒன் டீயக் குடிக்கவாய்யா நான் ஃப்ளைட் ஏறி வரணும்?"

நான் வாங்கிப் பொறுமையாகச் சொன்னேன். "அந்த விண்டோதாங்க எங்களுக்கு வாய்க்கா. அது வழியாத்தான் அங்க வந்து வேல பாக்குறோம். மூடுனா பாயிறது நின்னுரும்."

"மடையில ஆள் நிக்கணும்னு மொதல்லயே சொல்றதில்லையா சார்? எங்க ஊர்ல வயலுக்கு முறைத்தண்ணி விட்டா வரப்ப விட்டு நவுருவமா?"

மறுபடி கட்டளையை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குடோனிலிருந்து யாரோ வந்து டீ கேட்டது போனில் காதில் விழுந்தது. "இப்ப வரமுடியாதுங்க, தண்ணி பாயுது" என்றார். பாய் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

இந்தத் தடவை பழுது முழுசாக நீங்கியது. மேனேஜரே கூப்பிட்டு, கல்யாணத்தை முடித்துக்கொண்டு வரச் சொன்னார். பாய் வாழையிலை வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினார். நானும் வேறு வேலையில் மூழ்கிவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. ராஜேந்திரன்.

"சார், இப்பவாவது மடைய அடைக்கலாமா?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மறுமுனையில் இருப்பவரிடம் என்ன அடிக்க வேண்டும் என்பதற்கு முன்னால், எதற்கு என்று சொல்லுங்கள். முடிந்ததும், முடிந்தது என்றும் சொல்லுங்கள். பாவம், அவர் அதுவரை டீகூடக் குடிக்கவில்லை.