மூச்சுகள் இருந்த கணினி

மருத்துவக் கோப்பு ஒன்றைத் திறந்து, அதிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அந்த நர்ஸ் மேசைமேல் வைத்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஒன்பது தாள்கள். ஒன்பதும் வெறும் வெள்ளை. ஏ.டி.எம். சீட்டுபோல வழுவழுப்பான தாள்கள் அவை. நாளாக நாளாக எழுத்து மங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிற வகை. ஒன்றை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஏதோ ஒரு வளைவு இருந்த தடம் மட்டும் தெரிந்தது. "ஒம்போது வருஷமா ஒருத்தர் வந்து ஊதினாரு, நைனா. பேப்பர்ல ஒண்ணும் நிக்கல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது" என்று அவர் பக்கத்திலிருந்த கணினியைக் காட்டினார்.

எல்லோரும் அவரை நர்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் சிறு ஆலைகள் சில சேர்ந்து நடத்திய இரண்டு அறை மருத்துவ நிலையத்தில் அவர் இருந்தார். ஊத்துக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். கை சுட்டவர்களுக்கு மருந்து போடுவதோடு, ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு தொழிலாளியையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, அவர் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்வதும் அவர் வேலை. அந்த மூச்சு ஒரு வளைகோடாகக் கணினியில் சேரும். நான் பைபாஸ் சாலையோரம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். அவருடைய கணினி ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணைந்துபோகிறது என்று சொல்லித்தான் என்னை வரச் சொன்னார்கள்.

பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மூடிப்போன ஓர் அலுவலகம் தானமாகக் கொடுத்த கணினி அது. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓ.எஸ். பெரிய நிறுவனங்களுக்கானது, அதுவும் சோதனைப் பதிப்பு. கெடு முடிந்ததும் மணிக்கொரு முறை அணைந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். நிலையத்தார் முறையாக ஒரு சாதாரணப் பதிப்பை வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் மேலே இருக்கும் பதிப்பிலிருந்து கீழே இருக்கும் பதிப்புக்கு இறங்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி என்பது அன்றுவரை நான் அறிந்தது. கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வைக்கலாம். ஆனால் அந்த மூச்சுப் பதிவுகளைத் திறந்து காட்டும் மென்பொருளைத் திரும்ப நிறுவ முடியாது. அதை விற்ற கம்பெனியே இல்லாமல் போய்விட்டது. அவர்களுடைய ஆள் கடைசியாக வந்து பழைய பதிவுகளையெல்லாம் இந்தக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி. அழித்தால் பதிவுகள் இருக்கும், படிக்க வழி இருக்காது.

அந்த ஒன்பது வெள்ளைத் தாள்கள் உலையில் வேலை பார்த்த ஓர் அண்ணனுடையவை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். நோய் உலைப் புகையாலும் தூசியாலும் வந்ததா, இல்லை பீடி, சிகரெட் என்று அவரே தேடிக்கொண்டதா என்று முடிவு செய்ய ஒரு மருத்துவக் குழு திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டிருந்தது. பழைய பதிவு இல்லாவிட்டால் பேச அவரிடம் ஒன்றுமில்லை. எனக்கு அது எளிதாகப் பட்டது. கணினி அணையும் முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவருடைய ஒன்பது வளைவுகளையும் நல்ல தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது, இனி அழித்துவிடலாம் என்றேன்.

நர்ஸக்கா அச்செடுத்த தாள்களைக் கோப்பில் வைத்து மூடினார். "இவருக்கு ஆச்சு. மத்தவங்களுக்கு?" என்று கேட்டார். எந்த மத்தவங்க, யாரும் கேட்டு வரவில்லையே என்றேன். "கேக்கும்போது இருக்கணும்ல. அவங்க ஊதுனது, நைனா. நம்பளுது இல்ல" என்றார். குரல் உயரவில்லை. அதற்குப் பிறகு அழிக்கலாம் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

கெட்டுப்போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டும் என்று முதலில் கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டு முழுவதையும் இன்னொரு வட்டில் அப்படியே நகலெடுத்தேன். திரும்பி வந்தாலும் அந்த ஒரு மணி நேரக் கணினிக்குத்தான் வந்து சேருவோம் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. பிறகு புதிய பதிப்பை நிறுவும் நிரலை ஓட்டினேன். திரையில் மூன்று தெரிவுகள் வந்தன. 'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்ற முதல் வரி மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டார். உள்ளே இருக்கும் பதிப்பும் நாம் போடும் பதிப்பும் வேறு வேறு, அதனால் அது ஒத்துக்கொள்ளாது என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "உள்ள இருக்கறது இன்ன பதிப்புன்னு அதுக்கு எப்டி தெரியும்? பேஷண்ட் கட்டில்ல சீட்டு மாட்ற மாதிரி, எங்கியாச்சும் எழுதி வெச்சினு இருக்கணுமே."

பதினேழு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. முடியாது என்று திரை சொன்னால் முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பழகியவன். அன்று தேடினேன். கணினி தன்னைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் வைத்திருக்கும் பதிவேட்டில், பதிப்பின் பெயர் ஒரே ஒரு சொல்லாக எழுதியிருந்தது. அதை அழித்துவிட்டு நாங்கள் வாங்கிய பதிப்பின் பெயரைத் தட்டினேன். நிறுவும் நிரலை மறுபடி ஓட்டினேன். மங்கலாயிருந்த வரி கறுப்பாக வந்து நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவர் மட்டும், "அப்பறம் இன்னா, அழுத்து" என்றார்.

அழுத்தினோம். எண்பத்தொன்பது சதவீதத்தில் ஒரு மணி நேரம் முடிந்து கணினி அணைந்தது. திரும்பப் போட்டபோது அந்தச் சொல் பழையபடி மாறியிருந்தது. முதல் கட்டம் முடிந்து நிரலே கணினியை அணைத்துப் போடும்வரை தாக்குப்பிடித்துவிட்டால், அதன்பின் பழைய ஓ.எஸ். ஓடாது, அந்த ஒரு மணி நேரக் கணக்கும் ஒன்றும் செய்யாது. அதுவரை போக எங்களுக்குச் சில நிமிடங்கள் குறைந்துவிட்டன.

மறுநாள் காலை நான் போனபோது நர்ஸக்கா ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அறுவைச் சிகிச்சை அறைக்குத் தயார் செய்கிற மாதிரி. நெட் ஒயரைப் பிடுங்க வேண்டும். வைரஸ் தடுப்பை நிறுத்த வேண்டும். நிறுவும் கோப்புகளை பென்டிரைவிலிருந்து படிக்கவிடாமல் முதலிலேயே வட்டில் ஏற்றி, ஒரு மணி நேரம் புதிதாகத் தொடங்கும்படி ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். முதல் நாள் நான் எங்கெங்கே காத்திருந்தேன் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அணைத்துப் போட்டோம். சொல்லை மாற்றினேன், அழுத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, விரல் நசுங்கி வந்த ஒருவருக்குக் கட்டுப் போடப் போனார். நான் மட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடம் திரை கறுத்தது. அணைந்துவிட்டதா, அடுத்த கட்டத்துக்குப் போகிறதா என்று தெரியாத சில நொடிகள். பிறகு வட்டமாகப் புள்ளிகள் சுற்றத் தொடங்கின.

மதியம் எல்லாம் முடிந்தது. மூச்சு மென்பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்தேன். பெயர்கள் வரிசையாக இறங்கின. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. நர்ஸக்கா ஒரு பெயரைத் தொட்டார். ஒரு கோடு விருட்டென்று ஏறி, உச்சியில் வளைந்து, மெல்ல இறங்கியது. "இவர் இப்ப இல்ல. ஆக்சிடெண்ட்டு. ஊதச் சொன்னா சிரிச்சிடுவாரு, மூணு தடவ எடுக்கணும்" என்றார். ஆள் போன பிறகும் அவர் விட்ட மூச்சு அங்கே ஒரு மலைபோல் நின்றிருந்தது.

உலை அண்ணனின் தாள்களைக் குழு ஏற்றுக்கொண்டது. நோய் வேலையால் வந்ததென்று எழுதிக் கொடுத்து, அவரை உலையிலிருந்து எடுத்து ஸ்டோர் அறைக்கு மாற்றச் சொன்னார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் இன்னும் நான்கு பேர் பழைய பதிவு கேட்டு வந்தார்கள். நான்கு பேருடையதும் இருந்தது.

ஆனால் அந்த மதியத்தில் இன்னொன்று நடந்தது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று குழாயை என் வாயருகே நீட்டினார். "ஊது நைனா. நிறுத்தாத, ஊது, ஊது" என்றார். ஊதினேன். கோடு ஏறியது, மற்றவர்களுடையதைப்போலத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அதைத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தார். "ஈயம் உருக்கி ஒட்டுவியே, அந்த சால்டரிங் புகைய எத்தினி வருஷமா முழுங்கினு இருக்க? கடைக்கு சன்னல் கீதா?" என்று கேட்டார். அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. சன்னல் இல்லை என்றேன்.

அந்த வாரமே சுவரை உடைத்துப் புகைபோக்கி விசிறி வைத்தேன். நர்ஸக்கா இப்போது ஊத்துக்கோட்டையிலேயே ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். நிலையத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறார், சின்னப் பெண். வருடத்துக்கு ஒரு முறை நானும் தொழிலாளிகளோடு வரிசையில் நின்று ஊதுகிறேன். இந்த வருடக் கோடு, போன வருடத்தை விடக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது என்றார் அந்தப் பெண். நர்ஸக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஏறும்னு தெரியும். விடாம ஊது" என்றார்.