மழையை ரசிக்கச் சொன்னவர்

எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் தத்துவம் போடுகிற ரவி அண்ணன் இன்று அவிசாவளை பஸ்ஸில் என் பக்கத்து சீட். எங்கெங்கோ பொறுக்கிச் சேர்த்து, பூப்படத்தோடு போடுவார்.

இன்றைய சரக்கு: "மழையைத் திட்டாதே, ரசி. வாழ்க்கை இனிக்கும்."

ரப்பர் தோட்டத்தில்!

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. வெட்டிய பிறகு பெய்தால் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் தண்ணீர் நிறைந்து பாலெல்லாம் மண்ணுக்குப் போகும். இந்தக் கிழமை முழுக்க அம்மா கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரவி அண்ணனுடைய அம்மாவும்தான்.

"அண்ணே, இத உங்கம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினீங்களா?"

"நீ எப்பவும் நெகட்டிவ்வாவே பேசுற தங்கச்சி. நல்லத நாலு பேருக்குச் சொல்லணும்."

அவிசாவளையில் இறங்கும்போது கொட்டியது. அண்ணன் படியிலேயே நின்று, கொண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினார். காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்து நனையுமாம், பஸ்ஸைக் கடையோடு ஒட்டி நிறுத்தணுமாம்.

பிறகு என் குடையைப் பார்த்தார்.

"ரசிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்து நடந்தேன்.

குரூப்பில் அவர்தான் அட்மின். நான் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்னைத் தூக்கிவிட்டார்.

நாளைய தத்துவத்தை யாராவது எனக்கு அனுப்பி வையுங்கள்.