ஆடி மாதத்து ஓப்பன் ஆஃபர்

எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போவதாக வைகாசியில் செய்தி வந்தது. எங்கள் என்பது பங்குதாரர்களின் பேச்சு. ஓரகடம் பக்கம் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. விருப்பமுள்ளவர்களிடம் சந்தை விலைக்கு மேல் கொடுத்துப் பங்குகளை வாங்கிக்கொள்வார்கள். அதற்குத்தான் ஓப்பன் ஆஃபர் என்று பெயர். காலையில் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் விலை போதாது என்றார். இன்னொருவர், பேரன் பெயரில் இருப்பதைத் தரவே மாட்டேன் என்றார். நான் பங்கு மாற்றல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்து நிம்மதியாக இருந்தேன், ஆடி முதல் நாள் சகலை வரும்வரை.

சகலை பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் அதே கம்பெனியில் வேலை செய்கிறாள். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதை அவளுக்குக் கம்பெனியே ஸ்டாக் ஆப்ஷனாகக் கொடுத்திருந்தது. பழைய மலிவு விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. என் பங்குகளைவிடப் பல மடங்கு. கேட்டதும் வயிறு எரிந்தது. காபியில் சர்க்கரை போதவில்லை என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டேன்.

"ஆவணி பொறக்கட்டும் சகல," என்றார் அவர். "ஆடியில புதுசா எதுவும் வாங்க வாணாம்னு வீட்ல சொல்லிக்கினு இருக்காங்க."

ஆஃபர் ஆடிக்குள்ளேயே மூடிவிடும். வெறும் உரிமையை ஆஃபரில் கொடுக்க முடியாது. முதலில் பணம் கட்டிப் பங்காக மாற்றி, அது பங்குகளை மின்வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், அந்தப் பெண்ணுக்கு அந்த விலை கிடைக்காது. ஆனால் விதிமுறையைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கையில் சும்மா இருக்க எனக்கு வராது. பொறாமையைவிடப் பழைய வியாதி அது.

"ஆனியில முன்பணம் குடுத்த கல்யாணப் பொடவைய ஆடியில எடுக்க வந்தா, கடையில திருப்பி அனுப்புவீங்களா? உரிமை அவளுக்குப் போன தையிலயே வந்தாச்சு. இப்ப எடுத்துக்கறா, அவ்ளோதான்."

ஆஃபர் மூடும் நாளையும் டீமேட் விஷயத்தையும் சொல்லி அனுப்பினேன். அவர் நேராகக் குடும்ப ஜோசியரிடம் போய் அதையே கேட்டிருக்கிறார். ஜோசியரும் தாராளமாக எடுக்கலாம் என்றாராம்.

ஆவணியில் ஜோசியருக்குச் சரிகை வேட்டி போயிற்று. எனக்குச் சகலையிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"ஜோசியர் மட்டும் வழி சொல்லலன்னா பொண்ணு ஏமாந்திருப்பா சகல."

அவள்மேல் இருந்த எரிச்சல் அன்றோடு தணிந்துவிட்டது; அவளாவது அங்கே வேலை செய்தாள். இப்போதெல்லாம் நான் ஜோசியர் வீட்டுத் தெரு வழியாக நடப்பதில்லை.