கடல்நத்தையும் அண்ணன் கையும்

இந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் என்னை யாரும் தொடமாட்டார்கள். சேர்ந்த புதிதில் காரென் என்ற அம்மாள் பின்னாலிருந்து தோளைத் தட்டிக் குட்மார்னிங் சொன்னாள். நான் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த வாளி கவிழ்ந்தது. "மன்னிக்கணும், உங்கள் மதத்தில் தொடக்கூடாதா?" என்றாள். விளக்கத் தெம்பில்லாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அட, ஒரே ஒரு பொய்! அன்றிலிருந்து எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றே பேசுகிறார்கள்.

என் வேலை ஓடில்லாத கடல்நத்தைகளோடு. மெல்லிய தூரிகையால் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனை நொடி என்று குறிப்பேன். தொட்டுக்கொண்டே இருந்தால் நரம்புக்குப் பழகி, இழுப்பு குறையும். ஆனால் வாலில் மின்சாரம் பாய்ச்சிவிட்டால் போச்சு, அப்புறம் தூரிகை பட்டாலே சுருண்டுவிடும். தலையிலுள்ள இரண்டு கொம்புகளால்தான் அது பாசியை மோப்பம் பிடிக்கும். ஒருநாள், அதிர்ச்சி வாங்கிய நத்தையின் முன்னே அதற்குப் பிடித்த சிவப்புப் பாசியை வைத்தேன். கொம்பு அசைந்தது, மணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் உடம்பு பின்வாங்கியது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன் ஊரில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது சின்னசேலம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் செய்தோம். அண்ணன் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தான். தடியடி தொடங்கியது. முதுகில் ஓர் அடி வாங்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. போலீஸ் என்று நினைத்து உதறிவிட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். ஆனால் அந்தக் கையில் வெல்லப்பாகு மணந்தது. எந்தப் போலீஸ்காரர் கையில் பாகு மணக்கும்? தெரிந்தேதான் உதறினேன். ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். பிறகு கரும்புக் கொல்லைக்குள் புகுந்துவிட்டேன். போலீஸ் தடியில் அண்ணனின் முட்டி நொறுங்கியது. நான் படிப்பு, வேலை என்று தூரம் தூரமாகப் போனேன். ஊர்ப்பக்கம் தலைகாட்டவே இல்லை.

நத்தையைத் தொட்டியில் விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அன்னிக்குப் புடிச்சது நீதான்னு எனுக்குத் தெரியும்ணா."

"இன்னாடா இப்பப் போயி? நீ திரும்பிப் பாத்த இல்ல, நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்பறம் இத்தினி வருசமா ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னும் தூரம் ஓடிடுவ. வூட்டுக்கு வாடா. பஸ் ஸ்டாண்டுல பின்னாலேந்து கூப்ட மாட்டேன். முன்னாடி வந்து நிக்கிறேன்."

வாய்விட்டு அழுதேன். மறுநாள் விமான டிக்கெட் எடுக்கப் போனேன். போவதற்கு மட்டுமா, திரும்பி வரவுமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. முதலில் போவதற்கு மட்டும் என்றேன்.