அணைத்த பிறகு வரும் விசில்

எங்கள் வீட்டுச் சமையலில் என் பங்கு விசில் எண்ணுவது. காய் நறுக்க விட்டால் விரலையும் சேர்த்து நறுக்குவேன், தாளிக்க விட்டால் கடுகில் பாதி என் சட்டையில் இருக்கும் என்பதை மனைவி கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டாள். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் செய்யக்கூடிய ஒரே வேலையைப் பார்த்து எனக்குக் கொடுத்தாள். அவள் குக்கரை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவாள். நான் கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ண வேண்டும். மூன்றானதும் போய் அடுப்பை அணைக்க வேண்டும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் குடியிருந்தது பம்மலில். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் தெருவின் எல்லாக் குக்கர்களும் ஒரே சமயத்தில் கூவும். எதிர்வீட்டு விசிலை எங்கள் கணக்கில் சேர்த்து, நாங்கள் அரிசியை மென்று தின்ற நாட்கள் உண்டு. குளியலறையிலிருந்து, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் குரல் வரும்.

“என்னங்க, எத்தனை ஆச்சு?”

“ரெண்டு.”

“ஒண்ணுதான். முதல்ல வந்தது எதிர்வீட்டுது.”

“உள்ள இருந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“நம்மளுது இருமிட்டுதான் கத்தும்.”

உண்மைதான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த அலுமினியக் குக்கர் அது. விசில் வருவதற்கு முன் க்ஹ், க்ஹ் என்று தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். மைக் கிடைத்த தலைவரைப் போலக் கொஞ்சம் நிதானித்து, பிறகுதான் ஆரம்பிக்கும். இத்தனை வருஷம் எண்ணியும் அவள் சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. உலக இலக்கியத்தில் எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் சொல்வேன். சொந்த வீட்டுக் குக்கரின் குரல் தெரியாது.

போன ஆடியில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், தனியாகத் திரும்பி வந்தேன். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு குக்கரை யாரும் ஏற்றவில்லை. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்தது. குக்கர் மேடையில் கவிழ்த்தபடி கிடந்தது. ஆனால் விசில் நிற்கவில்லை.

புத்தகத்தில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், இருமல் கேட்கும். பிறகு விசில். ஒன்று. நான் எழுந்திருக்க மாட்டேன். மூன்றுக்குத்தானே எழுந்திருக்க வேண்டும். இரண்டு. மூன்றாவது வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போவேன். அடுப்பு அணைந்திருக்கும். குக்கர் கவிழ்ந்திருக்கும். மூடியிருக்கும் கேஸ் திருகை இன்னொரு தரம் மூடிவிட்டு வருவேன். எதிர்வீட்டு விசிலாக இருக்கும் என்று வைத்துக்கொள்வேன். எதிர்வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பதி போயிருந்தபோதும் அப்படியேதான் வைத்துக்கொண்டேன்.

இதை வாய்தவறிப் பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்லிவிட்டேன்.

“அங்க ஒண்ணும் இல்லப்பா. உனக்குக் கேக்குற மாதிரி இருக்கு, அவ்ளோதான்.”

“கேக்குற மாதிரி இருக்குன்னா கேக்குதுன்னுதானே அர்த்தம்?”

“எழுத்தாளர் மாதிரி பேசாத. டாக்டர்கிட்ட போ.”

போனேன். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வயசுக்கேற்ற அழுக்கு இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். மகள் கேட்கவில்லை. பெங்களூருக்கு வந்துவிடு என்றாள். அவள் வீடு பதினோராவது மாடியில், ஜன்னல் எல்லாம் இரட்டைக் கண்ணாடி. எந்தச் சத்தமும் உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பல நாள் இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. பம்மல் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறைக்கு நான் மாறிக்கொள்வது. அடுப்பு மட்டும் தானாக அணைகிற அடுப்பாக இருக்க வேண்டும்.

“அடுப்பு விஷயத்துல ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னாலும் அடுத்த வண்டியில நீ இங்க” என்றாள் மகள். அவள் சொன்னால் டிக்கெட்டும் போட்டுவிடுவாள்.

வீட்டுக்கார அம்மாள் கீழே இருந்தார். தனி ஆள், ரிட்டயரான டீச்சர், ஞாயிறு காலை சர்ச், மாலையில் தொட்டியில் வளர்த்த வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர். அவருக்கும் ஒரே நிபந்தனைதான்.

“மாடிக்கு சிலிண்டர் ஏறக் கூடாது சார். மத்தபடி நீங்க பாட்டு பாடினாலும் எனக்கு ஒண்ணுமில்ல.”

ஆகவே மின்சார அடுப்பு. அறையின் மூலையில் ஒரு கடப்பைக் கல், அதில் பாதியைப் பாத்திரம் கழுவும் தொட்டி பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில் ஒற்றை அடுப்பு வைத்தால் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்கலாம், ஒல்லி டம்ளராக இருந்தால்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போனேன். மகள் வீடியோவில் வந்தாள். விற்பனையாளர், முப்பது வயசிருக்கும், அடுப்புகளை வரிசையாகக் காட்டினார். மகள் இண்டக்ஷன் என்றாள்.

“நல்ல சாய்ஸ்க்கா. பாத்திரத்த எடுத்தா தானா ஆஃப் ஆயிடும். டைமர் கீது. மறந்துட்டாலும் பேஜாரே இல்ல” என்று போனைப் பார்த்துச் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். “வூட்ல பாத்திரம்லாம் இண்டக்ஷன் பேஸா சார்?”

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. தெரியாத விஷயத்துக்குத் தெரிந்தவன் போலத் தலையாட்டுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு; பல இலக்கியக் கூட்டங்களை அப்படித்தான் கடந்திருக்கிறேன். ஆட்டினேன்.

அறைக்கு வந்து, அரிசி களைந்து, அதே குக்கரைப் புது அடுப்பின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அடுப்பு பீப் பீப் என்று கத்தியது. அணைந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி கத்தியது. கையேட்டில் பார்த்தால், அடுப்பின் மேல் பாத்திரம் இல்லை என்று அர்த்தமாம்.

எதிரே குக்கர் இருக்கிறது. கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்போ ஒன்றும் இல்லை என்கிறது. மகளும் டாக்டரும் சொன்னதையே இதுவும் சொன்னது.

போனில் மகள் விளக்கினாள். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதற்குத் தெரியுமாம். ஃப்ரிட்ஜ் கதவில் கொடைக்கானல் போனபோது மனைவி வாங்கிய படகு பொம்மைக் காந்தம் இருந்தது. எடுத்து ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லில் பிடிவாதமாக ஒட்டியது. ஒரு சட்டியில் அரைமனதாக ஒட்டியது. குக்கரின் அடியில் வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் வாங்கிய காந்தம், அவள் குக்கர். இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியவில்லை.

“புதுசா ஒரு ஸ்டீல் குக்கர் வாங்கிக்கோப்பா. அந்தப் பழசைப் போட்டுடு. அதோட இந்தச் சத்தமும் போயிடும்” என்றாள் மகள்.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் ம் என்றேன். நாற்பது பக்கம் எழுதுகிறவன் சொல்ல முடியாமல் போகிற விஷயங்களுக்கு அந்த ஒரு எழுத்துதான்.

அறைக்கு வந்தபின் ஒரு விசில்கூடக் கேட்கவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பம்மலில் கேட்டபோது பயந்தேன். இங்கே மதியம் முழுக்கப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்சார ரயில் போனது, ஜிஎஸ்டி ரோட்டில் லாரி போனது, இருமல் வரவில்லை. வீடு மாறிய விவரத்தை மனைவிக்கு யாரும் சொல்லவில்லையோ என்னவோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். படித்தவன் நினைக்கக் கூடாததுதான்.

மறுநாள் அடுப்பை அதன் பெட்டியிலும் குக்கரை மஞ்சள் பையிலும் எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன். வண்டலூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் மடியிலிருந்த குக்கரைப் பார்த்து, “அன்னதானமா சார்?” என்றார். “இல்ல, டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். பெருங்களத்தூரில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

விற்பனையாளர் குக்கரைத் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார், அன்னிக்கி தலைய ஆட்டினீங்க? இது அலுமினியம். இது இண்டக்ஷன் கண்ணுக்கே தெரியாது.”

“எந்த அடுப்புக்குத் தெரியும்?”

இன்ஃப்ராரெட் என்று ஒன்றைக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி, அடியில் சிவந்து எரியும். மண்சட்டி, அலுமினியம், எதை வைத்தாலும் சூடாகும். கல்லின் மேல் இடம் போதுமா, அறையிலிருக்கும் பெரிய பிளக் பாயிண்ட் தாங்குமா, வயர் எட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை தெரியாததற்குத் தெரியாது என்றேன். பொத்தான் வைத்ததை ஒதுக்கிவிட்டுத் திருகு வைத்ததை எடுத்தேன். இத்தனை வருஷம் திருகி அணைத்த கை, பொத்தானைத் தேடித் தடுமாறும்.

“இதுலயும் டைமர் கீது சார், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு, ஆஃப் பண்ணாலும் சூடு உடனே போவாது. கைய கிய வெச்சிடப் போறீங்க.”

தலையாட்டினேன். இது நிஜமாகவே புரிந்தது என்று நினைத்தேன்.

குக்கரின் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்திருந்தது. புதிது போட்டால் குரல் மாறிவிடுமோ என்று கவலையாக இருந்தது. போடாவிட்டால் குரலே வராது என்றார். போட்டுக்கொண்டேன்.

அன்று மதியம் அரிசி வைத்தேன். கண்ணாடி மெல்லச் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் புத்தகத்தை விரித்தேன், அது இல்லாமல் எனக்கு எண்ண வராது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

க்ஹ். க்ஹ்.

பிறகு விசில். குரல் மாறவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. எழுந்து போய்த் திருகை அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சிவப்பு மங்கிக் கண்ணாடி மறுபடி கறுப்பானது.

அப்போது நாலாவது வந்தது.

இருமி, நிதானித்து, முழுதாக வந்தது. நான் பிளக்கைப் பார்த்தேன். தரையில்தான் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. இனி இங்கேயும் ஆரம்பம், மகள் டிக்கெட் போடப்போகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

கீழேயிருந்து டீச்சர் படியில் பாதி ஏறி வந்து குரல் கொடுத்தார்.

“சார், நாலு விசில் விட்டுட்டீங்களே, சாதம் குழைஞ்சிருக்குமே!”

வயர் எட்டிய மட்டும் வாசல் பக்கம் போனேன். “நாலா டீச்சர்? உங்களுக்கும் நாலா?”

“நாலுதான். நான் கணக்கு டீச்சர் சார்.”

“மூணுலயே அணைச்சிட்டேன். பிளக்கு இதோ கையில இருக்கு.”

மேலே வந்து, கையிலிருந்த பிளக்கையும் என் முகத்தையும் பார்த்தார். “கண்ணாடியில சூடு நிக்குமில்ல? அந்தச் சூட்டுல ஒண்ணு வரும். இதுக்கா இப்படி வேர்த்திருக்கீங்க?”

கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அணைத்தாலும் சூடு உடனே போகாது. மனைவி போன பிறகு, நான் கேட்ட விசிலை இன்னொரு ஆளும் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். குழைந்த சாதத்தில் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுவைத்தேன்.

அதிலிருந்து இரண்டு விசிலிலேயே அணைத்துவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவதற்குக் காத்திருப்பேன். காரணம் தெரியும். கண்ணாடி, சூடு, நீராவி. காரணம் தெரிந்த பிறகும் அந்த இடைவெளியில் நான் மூச்சுவிடுவதில்லை. எங்கேயோ ஒரு கை நாதாங்கியைத் தொட்டுவிட்டுத் திறக்கலாமா என்று யோசிப்பது போல இருக்கும். இதுவரை ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

போன ஞாயிறு அப்படி உட்கார்ந்திருக்கும்போது மகள் கூப்பிட்டாள். அடுப்பை மாற்றியதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கீழே டீச்சர் வீட்டில் ஒரு விசில் வந்தது.

“என்னப்பா, குக்கரா?”

“கீழ் வீடு.”

“இண்டக்ஷன் ஒழுங்கா வேலை செய்யுதா? புதுக் குக்கர் வாங்கிட்டியா?”

“ம்” என்றேன்.

க்ஹ். க்ஹ்.

போனைக் கையால் பொத்தினேன். அதற்குள் வந்துவிட்டது, முழுதாக, அந்தச் சின்ன அறை நிறைய.

கையை எடுத்தேன்.  பெங்களூர் வண்டி எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

“இது கீழ் வீடு இல்ல” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “இது நம்மளுது.”

அந்தச் சொல்லை அப்படி இழுத்துச் சொல்ல ஒருத்திக்குத்தான் தெரியும். நான் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை.

“எத்தனை ஆச்சு?”

கேள்வி போனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

“மூணு” என்றேன், இரண்டு பக்கமும் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே.